முன்சீட்டில் டி.வி.

கண் விழித்ததும் சின்னவள் முதலில் பார்த்தது பீரோவின் காலை. அடுத்துப் பார்த்தது அக்காவின் காலை. இரண்டும் ஒரே இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவை என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

எங்கே படுத்திருக்கிறோம் என்பது அதற்கும் பிறகுதான் பிடிபட்டது. வேனின் பின்கதவை ஒரு சாண் திறந்து கயிற்றால் கட்டியிருந்தார் அப்பா, காற்று வருவதற்காக. அந்தச் சந்தில் ஒரு நீலக் குப்பைத்தொட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் பெட்ரோல் பங்க்கின் கூரை, அதற்கும் மேலே சாலையைக் குறுக்கே தாண்டிப் போகும் கண்ணாடிப் பாலம். நேற்றுக் காலை விழித்தபோதும் இதே நீலத் தொட்டி, இதே கூரை, இதே பாலம்.

"ராத்திரி பூரா வண்டி ஓடுச்சா, இல்ல நின்ன எடத்துலயே நிக்கிறோமா?" என்று கேட்டாள் யாரிடமோ.

"எல்லா ரெஸ்ட் ஏரியாவும் இப்படித்தாண்டி கட்டி வச்சிருக்கான். தூங்கு," என்றாள் அம்மா. அவள் ஏற்கனவே எழுந்து, முழங்காலில் நின்று, போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். வேனுக்குள் நிமிர்ந்து நிற்கிற உரிமை பீரோவுக்கு மட்டும்தான் இருந்தது.

போன வாரம் வரை இந்தத் தொடரோடு கூடவே வந்தவர்களுக்கு அந்த பீரோவைத் தெரியும். வழியில் ஏறுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்யாணத்தின்போது அது இந்தச் சாலையில் முதல் தடவை போனது. ஒற்றைப் பையோடு அக்கா திரும்பி வந்து வாசலில் நின்றபோது, 'என் பொண்ணோட சாமான் ஒண்ணு கூட அவன் வீட்ல இருக்கக் கூடாது' என்று அப்பா குதித்துக்கொண்டு போய் அதை ஏற்றி வந்தார். அது இரண்டாம் தடவை. இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை போன் போட்டு, 'மாமா, நடந்தத மறந்துடுவோம்' என்றார். அப்பா உடனே மறந்துவிட்டார். ஆக, இது மூன்றாம் தடவை. பீரோ, கட்டில், மெத்தை, டி.வி., அக்கா.

அக்கா ஏன் வந்தாள் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது சொந்தமாக ஒரு மூடிய வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். சரக்கை விட்டுவிட்டு அறை எடுத்துத் தூங்குவது அவர் பிழைப்பில் கிடையாது. அதனால் இரண்டு ராத்திரியும் ஓய்விடத்தில்தான் படுக்கை. அவர் டிரைவர் சீட்டில், காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. பெண்கள் மூவரும் பின்னால், தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம், சாமான்களோடு சாமான்களாக.

முன்னால் இன்னொரு சீட் இருந்தது. அதில் டி.வி. உட்கார்ந்திருந்தது. கம்பளி சுற்றி, பெல்ட் போட்டு.

"பின்னாடி வச்சா கண்ணாடி போயிடும்," என்று அப்பா புறப்படும்போதே சொல்லியிருந்தார்.

"நாங்க போனா பரவாயில்லையா?" என்று கேட்டாள் சின்னவள்.

"டிகிரி வாங்குனதுலேந்து உனக்குக் கேள்வி மட்டும்தான் வருது," என்றார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அதற்கு வீட்டில் கிடைத்த மரியாதை, 'டிகிரி' என்ற பட்டப்பெயர்.

வேனின் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது. உள்ளங்கையால் அடித்த, கனமான ஒற்றைத் தட்டு.

இந்த வீட்டில் அதற்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தட்டு என்றால் நில்; படுத்திருந்தால் எழு. இரண்டு தட்டு என்றால் போ. லாரியில் கிளீனர் தட்டத் தட்ட வண்டியை நிறுத்தியும் எடுத்தும் பழகியவர், வீட்டையும் அப்படியே ஓட்டினார். குளியலறைக் கதவில் ஒரு தட்டு என்றால் உள்ளே ஆள் இருக்கிறது. படிக்கிற மேசையில் இரண்டு தட்டு என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படு. சின்னவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே தட்டக் கற்றுக்கொண்டவள் என்று அம்மா சொல்வாள். பேசக் கற்ற பிறகு நிறுத்தவேயில்லை என்பார் அப்பா.

வண்டி எடுக்கும்போது அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆள் ஏறியாச்சா என்று கேட்கமாட்டார். இரண்டு தட்டு விழுந்தால் எடுப்பார்.

"மூஞ்சி கழுவிட்டு வந்துடுங்க. இப்பக் கெளம்புனாத்தான் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்ல எறங்கலாம்," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

கழுவுமிடத்தில் வரிசையாக எட்டுப் பத்துத் தொட்டிகள். பல் தேய்க்கும் பெண்கள், குழந்தைக்குச் சட்டை மாற்றும் பெண்கள், தூக்கம் கலையாமல் கண்ணாடியையே வெறிக்கும் பெண்கள். எல்லார் கன்னத்திலும் சீட்டின் தையல் பதிந்திருந்தது. அம்மா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் மேல பாலத்துக்குப் போய் டீ குடிங்க. நான் மெத்தைய உதறிப் போட்டுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா குழாயடியில் தலையையே நனைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு நாளாகத் தேடிய தனிமை, இத்தனை பேருக்கு நடுவில்தான் கிடைத்தது.

"அக்கா, இப்பவாவது சொல்லு. நீ போகணுமா?"

"துண்டு எங்க?"

"நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. நீ ஒரு வார்த்த சொன்னா போதும். நான் இந்த வண்டி முன்னாடி படுத்துருவேன்."

"படுத்தா ஏத்திருவாரு. ரெண்டு தட்டு விழுந்தா அவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சின்னவளுக்கு அது எரிச்சலை மூட்டியது. தான் தொண்டை கிழிய நியாயம் பேசும்போது, யாருக்காகப் பேசுகிறாளோ அவளே சிரித்தால் என்ன செய்வது?

"உனக்கு வெளையாட்டா இருக்கா? ஒன்ன எறக்கி வச்சிட்டு நாங்க திரும்பி வந்துருவோம். அப்புறம் அங்க அவன் அடிச்சா யாரு கேப்பா?"

"அடிச்சாருன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அடுத்த தொட்டியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெண் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப என்னதான் பண்ணான்?"

"நீ போய் டீ வாங்கு. நான் தல தொவட்டிட்டு வர்றேன்." கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி அக்கா சேர்த்துக்கொண்டாள்: "கிளட்ச் ரொம்பத் தேஞ்சிருக்கு. நேத்து ஏத்தத்துல பாத்தியா, எப்படி இழுத்துச்சுன்னு."

இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள் சின்னவள். வாழ்க்கையே பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இவள் கிளட்ச்சைப் பற்றிப் பேசுகிறாள்.

கண்ணாடிப் பாலத்தின் மேல் இருந்தது சாப்பாட்டுக் கடை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் காலுக்கடியில் சாலை ஓடும். மூன்று காகிதக் கோப்பைகளில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே ஒரு பக்கம் வண்டிகள் போயின. மறுபக்கம் வந்தன. எது போகிற பக்கம், எது வருகிற பக்கம் என்று கொஞ்ச நேரம் பார்த்ததில் அதுவும் குழம்பிவிட்டது. இந்தக் கரையில் என்ன இருந்ததோ அதுவே அந்தக் கரையிலும் இருந்தது: நீலத் தொட்டி, பங்க், கழுவுமிடம், வரிசையாக லாரிகள்.

அடிச்சாருன்னு நான் எப்பச் சொன்னேன்.

அப்படியானால் இந்த இரண்டு மாதமாக, வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் போனிலும், தான் எதை வைத்துச் சண்டை போட்டாள்? யோசித்துப் பார்த்தாள். அக்கா எதுவும் சொல்லவில்லை. தான்தான் சொன்னாள். அக்கா மறுக்கவில்லை. மறுக்காததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

டீயில் ஆடை படிந்தது. அக்கா வரவில்லை.

அப்போதுதான் கண்ணாடி வழியாக அந்த வேனைப் பார்த்தாள். கூரையில் பழைய டயர் ஒன்று கட்டிய வேன். உலகத்தில் அப்படி வேறொரு வேன் இருக்க முடியாது. அது மெதுவாக லாரிகளின் வரிசையை விட்டு வெளியே வந்து, பங்க்கைச் சுற்றி வளைந்து, சாலையில் சேர்ந்து, அவள் காலுக்கடியில் புகுந்து போய்விட்டது.

சின்னவள் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். மூன்று டீயையும் கையில் எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள். ஏன் எடுத்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அந்தக் கறைக்குப் பக்கத்தில், தோளில் பையை மாட்டிக்கொண்டு, அம்மா நின்றிருந்தாள். பஸ் வரும் என்று நிற்கிறவள் மாதிரி.

"அம்மா, வண்டி போயிடுச்சு."

"ம்."

"நம்மள விட்டுட்டுப் போயிட்டாரும்மா."

"அவரு விடல. நான்தான் அனுப்புனேன்." அம்மா முகத்தில் சின்னவள் இதற்கு முன் பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது. "கதவச் சாத்துனேன். கொண்டியப் போட்டேன். தட்டுனேன். பீரோவ வேணா கொண்டு போய்க் குடுக்கட்டும். பொண்ணக் குடுக்க முடியாது."

இருபத்தைந்து வருடமாக அப்பா தட்டியதற்கு எழுந்து, தட்டியதற்குப் படுத்த அம்மா. சின்னவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அம்மா, நீயா இது? அங்க போய் அவரு கதவத் தெறந்து பாத்தா…"

"பாக்கட்டும். மாப்பிள்ளையும் பக்கத்துல நின்னு பாக்கட்டும்." அம்மா ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். "அவ எங்க? இன்னுமா டீ குடிக்கிறா?"

"யாரு?"

"உங்கக்கா."

"உன்கிட்டதானே வந்தா?"

அம்மாவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு இருவரும் ஓடினார்கள். கழுவுமிடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தாள். "ஈரத் தலையோட ஒரு பொண்ணா? அப்பவே போயிடுச்சே. லாரி நிக்கிற பக்கமா. துண்டத் தலையில சுத்திக்கிட்டு."

கடையில் இல்லை. பங்க்கில் இல்லை. படியிலும் பாலத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியும் இல்லை. எண்ணெய்க் கறைக்கே திரும்பி வந்து, சின்னவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் தோள்பைக்குள் மணி அடித்தது.

"அவ போன் உன்கிட்ட ஏன் இருக்கு?"

"உங்கப்பாதான் வாங்கி வைக்கச் சொன்னாரு. அங்க போறதுக்குள்ள மாப்பிள்ளைகிட்ட எதாவது பேசிக் கெடுத்துருவாளாம்."

"நீயும் வாங்கி வச்ச."

அம்மா பையை மூடினாள். அப்பாவுக்குப் போட்டதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போன் டாஷ்போர்டு அறைக்குள் இருக்கும். அந்தக் கட்டளையை அவரே போட்டு அவரே காப்பாற்றுகிறவர்.

"பீரோ குறுக்க நிக்குதுடி. பின்னாடி யாரு படுத்திருந்தாலும் தெரியாது. மெத்தைய உதறிட்டு எறங்கி, நான் தண்ணி பிடிக்கப் போனேன். அந்நேரம் ஏறியிருக்கா." அம்மா நெற்றியில் அறைந்துகொண்டாள். "யாரக் காப்பாத்தணும்னு நெனச்சேனோ அவள வச்சுப் பூட்டி நானே அனுப்பியிருக்கேன்."

சின்னவளின் மூளை அதற்குள் வேறு பக்கம் ஓடியது.

"இரு. அக்கா உள்ளதான் இருந்தா. நீ கதவச் சாத்துனது அவளுக்குத் தெரியும். நீ ஏறலன்னும் தெரியும், நான் ஏறலன்னும் தெரியும். ஒரு தட்டு தட்டுனா அவரு நிறுத்தியிருப்பாரு. ஏன் தட்டல?"

அம்மா எண்ணெய்க் கறையையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"நான் ரெண்டு தட்டு தட்டல."

"தட்டுனேன்னு இப்பத்தானே சொன்ன?"

"ஒண்ணு தட்டுனேன். அதுக்கு மேல கை எழல." அம்மா தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. "அவரத் தனியா அனுப்பிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரோட குடும்பம் நடத்துறதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. கை அப்படியே நின்னுச்சு. விட்டுரலாம்னு நெனைக்கையில இன்னொரு தட்டு கேட்டுச்சு. வண்டி கெளம்பிடுச்சு. பீரோ ஆடி இடிச்சிருக்கும்னு நெனச்சேன். கடவுளே தட்டுனாருன்னு கூட நெனச்சேன்."

கடவுளுக்கு வேறு வேலை இல்லையா என்று வாய்வரை வந்தது. சின்னவள் கேட்கவில்லை. இரண்டாவது தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. ஆனால் அது புரிந்ததால் வேறெதுவும் புரியவில்லை.

காவலாளி ஒருவர் விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது வண்டி நிக்கிற எடம். ஆள் நிக்கக் கூடாது."

"எங்க வண்டி இங்கதான் நின்னுச்சு," என்றாள் அம்மா.

"இப்ப இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப நீங்களும் போகணும்."

"அதுலதாங்க போகணும்," என்றாள் சின்னவள்.

காவலாளி எண்ணெய்க் கறையைப் பார்த்தார். இருவரையும் பார்த்தார். கீழே இருந்த மூன்று டீக் கோப்பைகளையும் பார்த்தார். "ராத்திரி தங்குனதுக்குக் காசு கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

"அங்க போயிருவோம்," என்று பாலத்துக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள் சின்னவள். "அவரு பாத்துட்டுத் திரும்பி வந்தா அந்தக் கரையிலதான் வர முடியும். இந்தப் பக்கம் வர வழி இல்ல."

"திரும்பி வருவாரா?"

"தெரியாது."

அந்த வார்த்தை அவள் வாயில் புதிதாக இருந்தது.

பாலத்தைக் கடந்து இறங்கியதும் அம்மா திகைத்து நின்றாள். "ஏண்டி, சுத்திச் சுத்தி நின்ன எடத்துக்கே வந்துட்டோமா?" அதே தொட்டி, அதே பங்க், அதே கழுவுமிடம். லாரிகளின் மூக்கு மட்டும் வேறு பக்கம் பார்த்திருந்தது. வீட்டுப் பக்கம்.

ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. ராத்திரி தூங்கியவர்கள் எல்லாம் கிளம்பிப் போய், புதிதாக வந்தவர்கள் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள்.

"அவளுக்கே போகணும்னு இருந்துருக்கு," என்றாள் சின்னவள். குரலில் கோபம் திரும்பியிருந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. "நான் எதுக்குக் கத்தினேன்? யாருக்காகக் கத்தினேன்? பைத்தியக்காரி மாதிரி. அவ ஈரத் தலையத் தொவட்டிக்கிட்டு, நம்மள நடுரோட்டுல விட்டுட்டு, அவன் வீட்டுக்குப் போயிட்டா."

"அப்படின்னு உனக்குத் தெரியுமா?"

"வேற என்ன? தட்டினது அவதானே?"

"தட்டினா. ஏன் தட்டினான்னு தெரியுமா?"

சின்னவள் ஒரு கல்லை எடுத்துச் சாலையோரம் எறிந்தாள்.

"நீயும் உங்கப்பனும் ஒண்ணுதாண்டி," என்றாள் அம்மா. திட்டுகிற குரல் இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிற குரலும் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். "அவரு, மறந்துருவோம்னு அவளுக்கும் சேத்துச் சொன்னாரு. நீ, அடிச்சான்னு அவளுக்கும் சேத்துச் சொன்ன. அவ எப்ப வாயத் தெறக்குறது?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கல. கேட்டா சொல்லிருவாளோன்னு பயம்."

பட்டப் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. அவள் அப்பாவின் எண்ணை மறுபடி அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வேனை முதலில் பார்த்தது அம்மாதான். "டயரு," என்றாள்.

கூரையில் டயர் கட்டிய வேன் ஓய்விடத்துக்குள் திரும்பியது. வீட்டுப் பக்கக் கரையில்தான் வந்தது. சின்னவள் எழுந்து கை ஆட்டினாள். ஆனால் வண்டி வந்த விதம் வேறு மாதிரி இருந்தது. அப்பா ஓட்டினால் வளைவில் ஒரு குலுக்கல், நிறுத்தும்போது ஒரு வெட்டு. இது தண்ணீரில் வழுக்கி வருவது மாதிரி வந்து, இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்த சந்தில், பின்பக்கமாக ஒரே திருப்பில் நின்றது.

டிரைவர் சீட்டில் அக்கா இருந்தாள். தலையில் துண்டு.

பக்கத்துச் சீட்டில் அப்பா இருந்தார். டி.வி. அவர் மடியில் இருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்.

அம்மா வாயில் கையை வைத்தாள். அப்பா இரண்டு பெண்களையும் சைக்கிளைத் தவிர வேறெதையும் தொட விட்டதில்லை. அவர் வேனின் சாவியைக் கூட யாரும் தொடக் கூடாது.

"நீ எப்ப ஓட்டக் கத்துக்கிட்ட?" சின்னவளின் முதல் கேள்வி அதுவாகத்தான் வந்தது. கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தன.

"அங்க லாண்டரி வண்டி தானா ஓடுச்சுன்னு நெனச்சியா?" என்றாள் அக்கா. "ஓட்டலு ஓட்டலாப் போய் அழுக்குப் போர்வைய எடுத்துட்டு வந்து, வெளுத்ததக் கொண்டு போய்க் குடுத்தது யாரு? ரெண்டு வருஷம். லைசன்ஸும் வாங்கிக் குடுத்தாங்க. அதுல ஒண்ணும் கொற வைக்கல."

மாப்பிள்ளைக்குச் சலவைக் கடை என்பது எல்லாருக்கும் தெரியும். 'உங்க பொண்ணு ராணி மாதிரி வீட்ல உக்காந்திருக்கா' என்று அவர் போனில் சொல்வார். அதை அப்பா நாலு பேரிடம் சொல்லிப் பூரிப்பார்.

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் பார்த்தாள். 'டிகிரி, இது யாரு வேலை?' என்று ஆரம்பிப்பார், இவள் பிடித்துக்கொள்வாள். ஆனால் அப்பா யாரையும் பார்க்கவில்லை. டி.வி.யைச் சுற்றிய கம்பளியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ எதையோ சொல்லி, அது இன்னும் முழுதாக உள்ளே இறங்காதவர் முகம் அது.

"அவர்கிட்ட என்ன சொன்ன?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"ஏன் வந்தேன்னு சொன்னேன். அவர்கிட்டத் தனியாத்தான் சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் இருந்தா ஒருத்தி அழுவ, ஒருத்தி கத்துவ. எப்படித் தனியாப் பிடிக்கிறதுன்னு முழிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். நீ ஒரு தட்டு தட்டின. மிச்சத்த நான் தட்டினேன்." அக்கா அம்மாவின் கையைப் பார்த்தாள். "கொஞ்ச தூரம் போனதும் ஒரு தட்டு தட்டி நிறுத்தச் சொன்னேன். வந்து கதவத் தெறந்தாரு. பீரோமேல சாஞ்சுக்கிட்டே கேட்டாரு. அப்புறம் அவரால ஓட்ட முடியல. நான் எடுத்தேன்."

"என்கிட்டச் சொல்லு," என்றாள் சின்னவள். கத்தவில்லை. "நான் கத்தமாட்டேன்."

அக்கா தலையில் துண்டை இறுக்கிக் கட்டினாள். "சொல்றேன். ஓடும்போது வேணாம். ஏறுங்க."

"வீட்டுக்குத்தானே?"

"வண்டி மூக்கு வீட்டுப் பக்கம் இருக்கு. அவ்வளவுதான். வீட்டுக்குப் போகல."

"அங்கயும் இல்லையே?"

"அங்கயும் இல்ல."

"அப்ப எங்க?"

அக்கா கிளட்ச்சை அழுத்திப் பார்த்தாள். அப்பா இன்னும் அந்த நூலையே இழுத்துக்கொண்டிருந்தார்.

சின்னவளும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். பீரோ நின்ற இடத்திலேயே நின்றது. அம்மா மெத்தையில் சரிந்து, பீரோவின் காலைப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தியாயிற்று. எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

தட்டுக்காகக் காத்திருக்கிறாள் அக்கா.

அம்மா தன் கையைப் பார்த்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். "நீ தட்டு," என்றாள்.

சின்னவள் தகரத் தடுப்பில் உள்ளங்கையை வைத்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாது. அக்காவுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. இனிமேல் யார் பக்கம் நின்று யாரோடு சண்டை போடுவது என்றும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வைத்திருந்தவளிடம் இப்போது ஒன்றுமே இல்லை.

ஒரு தட்டு தட்டினாள்.

கை நின்றுவிட்டது. காலையில் அம்மாவுக்கு எப்படி நின்றிருக்கும் என்று அப்போது தெரிந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தட்டு விழுந்தது. விரல் மூட்டால் அல்ல. உள்ளங்கையால், கனமாக, காலையில் எழுப்பிய அதே தட்டு.

வண்டி குலுங்காமல் கிளம்பியது.